அத்தான் எந்தக் கட்சி?

அத்தான் மேடைகளில் பேசி நான் கேட்டதைவிட, எங்கள் வீட்டுக் குசினி வாசலில் நின்று பேசிக் கேட்டதே அதிகம். அக்கா அடுப்படியில் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருப்பாள். அத்தான் கதவு நிலையில் ஒரு கையை ஊன்றி, அன்று பின்னேரம் தொழிலாளர் கூட்டத்தில் சொல்லப்போவதை அவளுக்குச் சொல்லிப் பார்ப்பார். இடையிடையே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாக் குழைக்கும் கை நின்றால் அது நல்ல கேள்வி. நிற்காவிட்டால் அதை விட்டுவிட்டு வேறொன்றை யோசிப்பார். நான் அப்போது திருகோணமலைப் பட்டணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. அம்மா காலமான பிறகு அக்கா வீட்டில்தான் இருந்தேன். மாணவிகளின் கொப்பிகளைத் திருத்தியபடி இந்த ஒத்திகையைக் கேட்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. நாட்டு அரசியலை நான் அறிந்துகொண்டது தேங்காய்ப்பூ மணத்தோடுதான்.

அத்தானின் ஊர் சாம்பல்தீவு. தகப்பன் வயலும் சிறிது கரைவலைப் பங்கும் வைத்திருந்தவர். அத்தான் ஆங்கிலம் படித்து, துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றி இறக்கும் கொந்தராத்துக் கம்பனி ஒன்றில் கிளாக்கராகச் சேர்ந்தார். யுத்தம் தொடங்கியதும் கப்பல்கள் கூடின. கப்பல்களோடு கரியும் கூடியது, கரி சுமக்கிறவர்களும் கூடினார்கள். எங்கள் பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் போதாமல் தெற்கிலிருந்து சிங்களவர்களும் கடல் கடந்து மலையாளிகளும் வந்து குவிந்தார்கள். அத்தனை பேருக்கும் கரி முற்றத்தில் குடிதண்ணீர் இருக்கவில்லை. அதைப் பற்றி அத்தான் துரையிடம் கேட்டார். உன் வேலை எழுதுவது என்று துரை சொன்னான். மறுநாள் அத்தான் அதே கேள்வியைத் தொழிலாளர் மத்தியில் ஒரு கரிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று கேட்டார். வேலை போனது. ஆனால் மாதம் முடிவதற்குள் முற்றத்தில் தண்ணீர்ப் பீப்பாக்கள் வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு அவர் ஏறியது படிப்படியாக அல்ல, ஒரே எட்டில். சங்கம் அமைந்தது. கொழும்பிலிருந்து இடதுசாரிக் கட்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களில் ஒருவரை வீட்டில் எல்லோரும் கொழும்புத் தோழர் என்றே சொல்வோம். மெலிந்த, கண்ணாடி போட்ட, மிகவும் மரியாதையான மனிதர். அவர்தான் அத்தானுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தியவர். அடுத்த தேர்தலில் அரசாங்க சபையில் இந்த ஊருக்காக உட்காரப்போவது உன் அத்தான்தான் என்று என்னிடம் அவர் சொன்னபோது அதை ஒரு புகழ்ச்சியாக நான் எடுக்கவில்லை. பட்டணம் முழுவதும் அப்படித்தான் நினைத்தது. கட்சிக்குச் சம்பந்தமே இல்லாத, ஊரில் பெரிய பெயர் எடுத்த பிறக்கிராசியார் ஒருவர்கூட, ஒரு கூட்டத்தில் தானாக வந்து அத்தானுக்கு மாலை போட்டார். வழக்காடுகிற தொழில் உள்ளவருக்கு வெல்லப்போகிறவனை அடையாளம் தெரியும் என்று அக்கா சொன்னாள்.

குடாவுக்கு அக்கரையில் உள்ள மூதூரிலிருந்து வத்தை என்னும் பாய்ப்படகில் சாமான் ஏற்றிவரும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் அத்தானுக்கு வலது கையாக இருந்தார். அண்ணன் என்ற முறையில் அவரை நாங்கள் எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கரையில் கூட்டம் என்றால் அத்தானைத் தன் வத்தையிலேயே ஏற்றிக்கொண்டு போவார். போகும்போது அத்தான் பேசுவார், வரும்போது காக்கா பேசுவார் என்று கேள்வி. கூட்டத்தில் அத்தான் சொன்ன எது மூதூர்ச் சனத்துக்கு விளங்கவில்லை என்பதை அவர் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

பிறகு அரசாங்கம் கட்சியைத் தடை செய்தது. தலைவர்கள் பிடிபட்டு மறியல் வீட்டுக்குப் போனார்கள். எங்கள் வீட்டையும் பொலிசார் வந்து கிண்டினார்கள். அக்கா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, அலுமாரிச் சாவியையும் கையில் கொடுத்துவிட்டு, சேலைகளை மட்டும் மடிப்புக் குலையாமல் எடுத்து வைக்கச் சொன்னாள். ஒன்றும் அகப்படவில்லை. தடையினால் அத்தானின் பெயர் குறையவில்லை, இன்னும் கூடியது. அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஏற்கெனவே விரிசல் கண்டிருந்த கட்சி, ஜெர்மனி ரஷ்யாவின் மேல் பாய்ந்ததும் அடியோடு இரண்டாகியது. இது வெள்ளைக்காரனின் யுத்தம், நமக்கென்ன என்றது ஒரு பக்கம். இனி இது சனங்களின் யுத்தம், வெல்லும்வரை வேலைநிறுத்தம் கூடாது என்றது மற்றப் பக்கம். கொழும்புத் தோழர் இரண்டாவது பக்கம் போனார். சில நாள் சாப்பாட்டில் மனமில்லாமல் திரிந்துவிட்டு அத்தானும் அந்தப் பக்கமே போனார். தோழருக்காகப் போனாரா, நம்பித்தான் போனாரா என்று எனக்கு அறிய ஆசை. குசினியில் அவர் அப்போது சொல்லிப் பார்த்த பேச்சுகளில் கேள்விகள் இருக்கவில்லை. அக்கா தன்பாட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜப்பான்காரன் வந்தது சித்திரை வருஷப்பிறப்புக்குச் சில நாள் முந்தி, ஒரு காலை நேரம். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். முதலில் ஏதோ பயிற்சி என்றுதான் நினைத்தோம். பிறகு வீட்டு ஓடுகள் கிலுங்கின. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்து, அந்தப் புகை நாட்கணக்காக வானத்தில் நின்றது. அன்று மத்தியானத்துக்கு முன்பே பட்டணம் காலியாகத் தொடங்கிவிட்டது. நிலாவெளிப் பக்கம் வண்டிகளும் நடைச்சனமும். நாங்கள் காக்காவின் வத்தையில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய், அங்கிருந்து கட்டைபறிச்சானில் அத்தானின் சொந்தக்காரர் வீட்டுக்கு மாட்டுவண்டியில் போனோம். வத்தையில் இருந்தவர்களில் பாதிப்பேர் கரி முற்றத்து ஆட்கள். உடம்பிலிருந்த கரியைக் கழுவக்கூட நிற்காமல் ஓடிவந்தவர்கள். எல்லோரும் மூதூர்க் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் மட்டும் திரும்பித் திரும்பிப் புகையைப் பார்த்தபடி வந்தார்.

துறைமுகத்தில் வேலைக்கு ஆள் இல்லை. கொழும்புத் தோழர் அத்தானைத் தேடி அந்தக் கிராமத்துக்கே வந்துவிட்டார். ஆட்களைத் திருப்பிக் கொண்டுவருவது கட்சியின் கடமை என்றும், அத்தானால் மட்டும்தான் முடியும் என்றும் சொன்னார். இரண்டாவது சொன்னது உண்மை. அத்தான் கட்டைபறிச்சானிலும் மூதூரிலும் சாம்பல்தீவிலும் வீடு வீடாக ஏறி இறங்கினார். கட்டைபறிச்சானில் நானும் கூடப் போனேன், பெண்களோடு பேச ஒரு பெண் வேண்டும் என்று கேட்டதால். ஒரு வீட்டில், கைப்பிள்ளையோடு இருந்த ஒரு பெண் படலையைத் திறக்காமலே எங்களை நிறுத்திவிட்டாள்.

"என்ட மனிசனைக் கூட்டிக்கொண்டு போறீங்கள். குண்டு போட்டா ஒளிக்க அங்க கிடங்கு இருக்கோ?"

இல்லை என்று அத்தான் சொன்னார். வெட்டுவிக்கிறேன் என்றார். அவள் அது போதாது என்பது போல நின்றாள்.

"நானும் அங்க அவரோட நிண்டு வேலை செய்வன்," என்றார் அத்தான். "கிடங்கு இல்லாட்டி எனக்கும் இல்லைத்தானே."

அதைக் கேட்டுத்தான் அவள் படலையைத் திறந்தாள். வரும் வழியில், யோசித்துச் சொன்னதா, வாயில் வந்ததைச் சொன்னதா என்று கேட்டேன். "வாயில வந்ததுதான் மச்சாள்," என்றார். "ஆனா இனிச் செய்யத்தானே வேணும்."

செய்தார். ஒரு காலத்தில் வெளியே தள்ளிய கம்பனி, ஆள் பஞ்சத்தில் அவரைக் கூலியாக எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் படித்த, அரசாங்க சபைக்குப் போக வேண்டிய மனிதர் தலையில் சாக்கைப் போட்டுக் கரிக்கூடை சுமந்தார். நாங்களும் பட்டணத்துக்குத் திரும்பினோம். பின்னேரங்களில் அவர் கிணற்றடியில் குளித்து முடிய நேரம் செல்லும். கழுத்திலும் காது மடலிலும் கரி போகாது. அக்கா தேங்காய்த் தும்பால் தேய்த்துவிடுவாள்.

இது அவர் பெயரை வானத்துக்கு உயர்த்தும் என்று நான் நினைத்தேன். நடந்தது வேறு. முதல் சில நாட்கள் ஆட்கள் அவர் கையிலிருந்த கூடையை வாங்கப் போட்டிபோட்டார்கள். பிறகு கூச்சப்பட்டார்கள். அதன் பிறகு, அவரும் தங்களில் ஒருவர்தானே என்று விட்டுவிட்டார்கள். களைத்து அரைக்கூடை சுமக்கிற ஒருவரிடம் துரையோடு வாதாடச் சொல்லி எப்படிக் கேட்பது என்று ஒரு மலையாளி பிற்காலத்தில் என்னிடம் சொன்னார். மரியாதை குறையவில்லை, அவரிடம் எதிர்பார்ப்பதுதான் குறைந்தது. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

கிடங்கு மட்டும் வெட்டப்படவில்லை. கம்பனி இன்று, நாளை என்றது. சிமெந்து இல்லை என்றது. ஆட்கள் பொறுமை இழந்து, வேலையை நிறுத்துவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கட்சியின் மற்றப் பக்கத்துக்காரர்கள், தடைக்குள்ளும் ஒளிந்து வந்து அதைத்தான் செய்யுங்கள் என்றார்கள். கடற்கரை வெளியில் கூட்டம் கூடியது. வேலைநிறுத்தம் வேண்டாம் என்று பேச அத்தானைக் கொழும்புத் தோழர் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடக் கட்டடத்தைப் படைக்காரர் எடுத்துக்கொண்டதால் எனக்கும் வேலை இருக்கவில்லை. அக்காவும் நானும் கூட்டத்தின் ஓரத்தில், பெண்கள் நின்ற பக்கத்தில் நின்றோம்.

அத்தான் எழும்பினார். யுத்தம் ஏன் வெல்லப்பட வேண்டும் என்று தொடங்கி, சிறிது நேரம் ஒழுங்காகத்தான் பேசினார். சனம் அமைதியாகக் கேட்டது. பிறகு பேச்சு நின்றது. சொல்ல வந்ததை மறந்துவிட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் முன்வரிசையில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைபறிச்சானில் படலைக்கு உள்ளே நின்ற பெண்ணின் புருஷன் அது.

"உங்களை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்," என்றார். "கிடங்கு வெட்டுவிக்கிறன் எண்டு சொன்னனான். வெட்டேல்லை. இனி உங்களுக்கு இதைச் செய், அதைச் செய் எண்டு சொல்ல எனக்கு ஏலாது."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். மறுநாள் வேலை நின்றது. ஒரு கிழமைக்குள் கம்பனி இறங்கி வந்து கிடங்குகளை வெட்டத் தொடங்கியது. வெற்றி மற்றப் பக்கத்தாரின் கணக்கில் போனது, சங்கமும் அவர்களிடம் போனது. கொழும்புத் தோழர் வீட்டுக்கு வந்து, அத்தானைக் கட்சியிலிருந்து விலக்கிவிட்டதை மிகவும் வருத்தத்தோடு சொன்னார். சொல்லும்போது அவருடைய கண்ணாடி நனைந்திருந்தது. அக்கா அவருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு பக்கம் அத்தானைத் துரோகி என்றது. மற்றப் பக்கம், பிந்தி வந்தவர் என்றது. இரண்டும் ஒரே பேச்சுக்காகச் சொல்லப்பட்டவை.

அவருடைய அரசியல் அந்த வெளியிலேயே முடிந்துவிட்டது என்று பட்டணத்தில் பலர் சொல்வார்கள். அது சரியில்லை. யுத்தம் முடியும் காலத்தில் ஊரின் பேச்சே மாறியது. வெள்ளைக்காரன் போகப்போகிறான், போகும்போது யாருக்கு என்ன விட்டுவிட்டுப் போவான் என்பதுதான் எல்லா இடத்திலும் கதை. தமிழருக்கென்று தனிக் கட்சி ஒன்று எழுந்தது. முன்பு மாலை போட்ட பிறக்கிராசியார் எங்கள் பகுதியில் அதற்குத் தலைவராக இருந்தார். ஒருநாள் வந்து, முன் விறாந்தைக் கதிரையில் இருந்து, அத்தானிடம் நேராகவே கேட்டார்.

"எங்களிட்டப் படிச்ச ஆக்கள் நிறைய இருக்கினம். சனத்தோட கதைக்க ஆள் இல்லை. நீங்கள் வாங்கோ. தேர்தல் வந்தா நீங்கள்தான்."

சங்கத்தில் இருந்த சிங்களவர், மலையாளிகள், காக்காமார் என்ன செய்வது என்று அத்தான் கேட்டார். அவரவர் ஆட்களை அவரவர் பார்த்துக்கொள்வார்கள் என்று பிறக்கிராசியார் சாந்தமாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அத்தான். வந்தவர் போன பிறகு அக்கா வெளியே வந்தாள். அவள் கோபப்பட்டு நான் கண்டது குறைவு, அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"ஒருக்காலாவது வெல்லுற பக்கத்தில போய் நில்லுங்கோவன்," என்றாள். "நான் ஒண்டும் கேட்டதில்லை. இதைக் கேக்கிறன்."

அத்தான், காக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். அடுத்த நாள் மூதூருக்குப் போனார். காற்றுக் காலம். போனவர் உடனே திரும்ப முடியவில்லை. வத்தைகள் கரையில் இழுத்துவிடப்பட்டுக் கிடந்தன. கடல் அடங்கி அவர் வந்தபோது, பிறக்கிராசியார் வேறொருவரைப் பிடித்துவிட்டார். உப்புவெளிப் பக்கத்து இளம் வாத்தியார் ஒருவர், நன்றாகப் பேசுவார். பிறக்கிராசியாரின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காத்திருந்துதான் பார்த்தார். நகரத்தில் கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தார்கள், மேடைக்கு ஓர் ஆள் வேண்டும்.

அக்கா அதைப் பற்றிப் பிறகு ஒரு சொல் பேசவில்லை. அத்தான் அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் ஒரு சின்ன மேசை போட்டு, சனங்களுக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். காணித் தகராறு, கூப்பன் அரிசி, ஆஸ்பத்திரி, எல்லாம் வரும். யுத்தம் முடிந்து கப்பல்கள் போயின. கரி முற்றம் வெறிச்சோடியது. பிறகு வந்த தேர்தலில் அவருடைய பழைய ஆட்கள் மூன்று நான்கு கொடிகளின் கீழ் பிரிந்து நின்றார்கள். வழியில் அத்தானைக் கண்டால் எல்லோரும் நின்று சுகம் விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். ஒருவரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

மூதூரில் என்னதான் நடந்தது என்பது எனக்குப் பல வருடங்களாகத் தெரியாமல் இருந்தது. கடைசியில் ஒரு பின்னேரம், அவர் மேசையை மடித்துக்கொண்டு வீடு வந்திருந்தபோது கேட்டேவிட்டேன். அன்று காக்கா என்ன சொன்னார், வேண்டாம் என்றாரா?

அத்தான் சிரித்தார். "காக்கா போங்க எண்டுதான் சொன்னார். 'போங்க தம்பி, எங்களுக்காக நிக்காதீங்க. எங்கட ஆக்களும் தனியா ஒரு சங்கம் வைக்கக் கதைச்சிக்கிட்டுத்தான் இரிக்கிறாங்க, நானும் அதுலதான் இரிக்கிறன்' எண்டார்."

நான் திகைத்துப்போனேன். அப்படியானால் யாருக்காகத் தயங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆருக்காகவும் இல்லை. அவரிட்டக் கேக்காமல் ஓம் எண்டு சொல்ல ஏலாமல் இருந்தது, அவ்வளவுதான். காக்காவும் ஒரு சொல்லு என்னட்டக் கேட்டிருக்கலாம் எண்டு முதலில எனக்கு மனசில இருந்தது. பிறகு பாத்தா, அவருக்கும் அவற்ர பிள்ளைகள் இருக்குதுகள். கேக்கிறதுக்கு நேரம் இல்லாத காலம் அது மச்சாள்."

அந்தப் பதிலை நான் இன்றும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மேடை ஏறத் தெரிந்தவர்கள் அவரைவிடக் குறைந்த திறமையோடு மந்திரிமாராக வந்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் காற்றடிக்கும் நாளில் அக்கரைக்குப் போகாதவர்கள் என்று சொல்லலாம். ஆனால் அது மட்டும்தானா? கடற்கரை வெளியில் அவர் பேச்சின் நடுவில் இருந்துவிடாமல் பேசி முடித்திருந்தால்? கரிக்கூடையைத் தொடாமல் இருந்திருந்தால்? ஒவ்வொரு இடத்திலும் வேறு வழி ஒன்று தெரிகிறது. அந்த வழியில் அவரை நடக்கவிட்டுப் பார்த்தால், சில அடிகளில் அது அத்தானாக இல்லாமல் போய்விடுகிறது.

அத்தான் நித்திரையிலேயே காலமானார். செய்தி பரவியதும், நான் நினைத்தே பார்க்காத அளவுக்குச் சனம் வந்தது. இடதுசாரிக் கட்சியின் இரண்டு பக்கத்தாரும் தனித்தனியாகச் சிவப்புக் கொடி கொண்டுவந்தார்கள். அத்தானை விலக்கிய தீர்மானம் எப்போதோ கைவிடப்பட்டது என்று ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். தமிழர் கட்சியினரும் தங்கள் கொடியோடு வந்தார்கள். எந்தக் கொடியைப் போர்த்துவது என்று முற்றத்தில் கதை தொடங்கி, மெல்ல மெல்லக் குரல்கள் உயர்ந்தன. கிரியை முடிந்து தூக்குகிற நேரம். அக்கா உள்ளேயிருந்து எழும்பி விறாந்தைக்கு வந்தாள்.

"மூதூர் லாஞ்சு இன்னும் வரேல்லை," என்றாள். "வரட்டும்."

பொழுது போகிறது என்று ஐயர் சொன்னார். கணவனிடம் வாழ்நாளில் ஒன்றே ஒன்றைக் கேட்டு அதுவும் கிடைக்காத என் அக்கா, அந்த மூன்று கட்சிக்காரரையும் வெயிலில் நிற்க வைத்தாள். காக்கா வரத்தான் செய்தார். நன்றாக வயதாகி, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. பின்னால் பழைய கரி முற்றத்து ஆட்கள் சிலர். அவர் அத்தானின் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அக்காவிடம், "காத்தடிச்சுத்தான் பிந்திட்டுது தங்கச்சி," என்றார்.

"ஓம். இனித் தூக்கலாம்," என்றாள் அக்கா.

தூக்குவதற்குத் தோள்கள் வேண்டியிருந்தன. கொடியைப் பிடித்த கையோடு தூக்க முடியாது. எல்லோரும் அவற்றை வேலியில் சாய்த்துவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள். அவர்கள் ஒழுங்கை திரும்பி மறையும்வரை நாங்கள் படலையில் நின்றோம். வடக்கே வானம் கறுத்திருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வேலியைப் பார்த்தாள்.

"மழை வரப்போகுது," என்றாள் என்னிடம். "உதுகளை எடுத்து உள்ளுக்கு வை. ஆக்கள் திரும்பி வந்து கேப்பினம்."